வேலையை விடாமல் மேற்படிப்பு: சேலம், ஏற்காடு ஆசிரியர்கள் பணத்துக்கு எங்கே போவது?

பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே மறுபடி படிக்கப் போகும் ஆசிரியருக்கென்று தனியாக ஒரு உதவித்தொகை எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தேடிப் பார்த்தால் 'கல்வி முன்பணம்', 'ஆசிரியர் நல நிதி' என்று பெயர்கள் வரும். உள்ளே போய்ப் படித்தால் அவை ஆசிரியரின் பிள்ளைகளுக்கானவை. தமிழக அரசு 2025-இல் தொழிற்கல்விக்கு 1 லட்சமாகவும், கலை அறிவியல், பாலிடெக்னிக் படிப்புக்கு 50 ஆயிரமாகவும் உயர்த்திய கல்வி முன்பணமும் பிள்ளைகள் படிப்புக்குத்தான். உங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும்.

அதனால் பணம் வேண்டாமென்று விட வேண்டியதில்லை. நாலைந்து இடத்தில் துண்டு துண்டாக இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஒரு வழி, தனியார் மெட்ரிக் பள்ளியிலோ ஏற்காட்டு உறைவிடப் பள்ளியிலோ வேலை செய்பவருக்கு வேறு வழி. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் இரண்டு படிகளில் பணப் பேச்சே குறைவு என்று தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் அதிகம் அலைகிறார்கள்.

1. படிப்பின் முறையை முதலில் முடிவு செய்யுங்கள்

எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். போன்றவற்றைத் தொலைநிலையில் படிக்கலாம். கருப்பூரில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மையம் சேலத்துக்காரர்களுக்குப் பக்கம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் (மத்திய அரசின் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அடுத்த தேர்வுகள். சேருவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தப் பருவத்துக்கு யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்பது ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தும் நீங்கள் கேட்கும் படிப்புக்கு இல்லாமல் போகலாம். இரண்டாவது, அந்தப் பிரிவின் இணையதளத்தில் மாணவர் பதிந்து வாங்கும் 'டெப் ஐடி'. 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்பு எதில் சேர்ந்தாலும் இந்த எண் கட்டாயம். ஆதாரில் உள்ள பெயரும் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் இங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். இனிஷியல் முன்னால், பின்னால் என்ற தகராறு நம்மூரில் வீட்டுக்கு வீடு இருப்பதுதான். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

பி.எட். வேறு கதை. தொலைநிலை பி.எட். எல்லோருக்கும் கிடையாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துப் பணியில் இருக்கும் தொடக்கநிலை ஆசிரியர்கள், அல்லது என்சிடிஇ (தேசிய ஆசிரியர் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற ஆசிரியர் பயிற்சியை நேரடி வகுப்பில் முடித்தவர்கள் மட்டுமே சேர முடியும். வெறும் பி.எஸ்சி.யோடு ஐந்து வருடமாக மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அனுபவச் சான்று மட்டும் போதாது. அவர் நேரடி பி.எட். தான் படிக்க வேண்டும். அது இரண்டு வருடம். பாட வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகை, மொத்தம் 20 வாரம் பள்ளிப் பயிற்சி என்பது என்சிடிஇ விதி. 'பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எந்தக் கல்லூரி சொன்னாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒரே தேதியில் பள்ளிப் பதிவேட்டிலும் உங்கள் கையெழுத்து, கல்லூரிப் பதிவேட்டிலும் உங்கள் வருகை என்றால், அந்தப் பட்டம் பின்னால் வேலைக்கே வினையாகும்.

பிஎச்.டி.யைத் தொலைநிலையில் படிக்க முடியாது. பகுதிநேரமாகப் படிக்கலாம். குறைந்தது மூன்று வருடம்.

2. அனுமதிக் காகிதம் கையில் வந்த பிறகு கட்டணம் கட்டுங்கள்

அரசு, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. உயர்கல்விக்கு முன் அனுமதி வேண்டும். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியர், வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) என்று விண்ணப்பம் மேலே போகும். உயர்நிலை, மேல்நிலை என்றால் தலைமையாசிரியரிடமிருந்து மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை) பக்கம்.

விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை: பணியேற்ற நாள், தகுதிகாண் பருவம் முடித்த ஆணை எண், இதுவரை படித்த பட்டங்கள், சேரப் போகும் படிப்பு, பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர், தொலைநிலையா பகுதிநேரமா என்பது, கல்வியாண்டு, 'பள்ளிப் பணிக்கு இடையூறு இல்லாமல் படிப்பேன்' என்ற உறுதிமொழி. இதற்கு முன் வேறு படிப்புக்கு அனுமதி வாங்கியிருந்தால் அந்த ஆணையின் நகலும் வேண்டும். பழைய படிப்பை முடித்தீர்களா, பாதியில் விட்டீர்களா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள்.

இரண்டு படி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 'தபாலில் போட்டுவிட்டேன்' என்பது ஆதாரம் ஆகாது. ஆணை வந்ததும் பணிப்பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். பதிந்த பக்கத்தை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்: ஆணை எண், தேதி, படிப்பின் பெயர், அலுவலர் கையொப்பம் நான்கும் இருக்க வேண்டும். 'எம்.ஏ.' என்று மட்டும் எழுதி, பாடத்தை விட்டுவிடுவது வழக்கமான தவறு. ஆங்கிலமா வரலாறா என்று பதவி உயர்வு சமயத்தில் கேள்வி வரும்.

சேர்க்கை ரசீதின் தேதி, அனுமதி ஆணையின் தேதிக்கு முன்னால் இருக்கக் கூடாது. அப்படி ஆகிவிட்டால் 'பின்னேற்பு', அதாவது சேர்ந்த பிறகு தரும் ஒப்புதல், கேட்டு எழுத வேண்டியிருக்கும். கிடைக்கும் வரை பட்டம் பதிவேட்டில் ஏறாது.

பகுதிநேர பிஎச்.டி.க்குத் தடையின்மைச் சான்று வேண்டும். இதில் பலர் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரே வரியில் வாங்கிக்கொண்டு போய்த் திரும்புகிறார்கள். யுஜிசியின் 2022 விதிமுறை மூன்று செய்தியை எதிர்பார்க்கிறது: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய பணி இடம் தருகிறது, தேவைப்பட்டால் பாடநெறி முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். மூன்றாவதை எழுதத்தான் பள்ளிகள் தயங்கும். அதைத் தனியார் பள்ளித் தாளாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

3. முழுச் செலவையும் எழுதுங்கள்

சேர்க்கைக் கையேட்டில் இருப்பது கல்விக் கட்டணம் மட்டும். அதற்கு மேல் விண்ணப்பக் கட்டணம், பதிவுக் கட்டணம், ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வுக் கட்டணம், தோற்ற தாளுக்கு மறுபடி தேர்வுக் கட்டணம், தற்காலிகச் சான்று, பட்டமளிப்பு, வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தால் இடம்பெயர்வுச் சான்று, தகுதிச் சான்று என்று வரிசை நீளும். பிஎச்.டி.யில் வருடா வருடம் கட்டணம் உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது தனியாக ஒரு தொகை. தட்டச்சு, பைண்டிங் வேறு.

ஏற்காட்டில் இருப்பவர்கள் போக்குவரத்தையும் சேர்க்க வேண்டும். சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. நாகலூர், வெள்ளக்கடை போன்ற மேல் ஊர்களிலிருந்து வருபவர் முதலில் ஏற்காடு வந்து சேர வேண்டும். காலை ஒன்பதரைக்கு வகுப்பு என்றால் முதல் நாள் இரவே சேலத்தில் தங்குவது நடைமுறை. தொலைநிலைப் படிப்பில் நேரில் போக வேண்டிய தொடர்பு வகுப்பு எத்தனை நாள் என்று கேட்டு, அத்தனை இரவுக்கும் ஒரு தொகை போடுங்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. ஆனாலும் வெறுங்கையோடு போக முடியுமா? அதையும் எழுதுங்கள்.

4. அரசுப் பள்ளி ஆசிரியர்: கடனுக்கு முன் உங்களுக்கு உரியதை எடுங்கள்

வட்டி இல்லாத பணம் இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, ஈட்டிய விடுப்பு ஒப்படைப்பு. ஆசிரியர் அறையில் 'சரண்டர்' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். 2020-இல் நிறுத்தி வைக்கப்பட்ட இது 1.10.2025 முதல் திரும்ப வந்திருக்கிறது. 15 நாள் விடுப்பைக் கொடுத்துப் பணமாகப் பெறலாம். யார் எந்தத் தேதியிலிருந்து கேட்கலாம் என்பது பணியில் சேர்ந்த காலாண்டைப் பொறுத்தது. பக்கத்து மேசைக்காரருக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை என்று பதற வேண்டாம்.

மற்றொன்று, பண்டிகை முன்பணம். 10 ஆயிரமாக இருந்தது 2025-இல் 20 ஆயிரமானது. வட்டி கிடையாது. பத்து மாதத் தவணையில் சம்பளத்தில் பிடிப்பார்கள். பழைய முன்பணம் பாக்கி இருக்கும்போது புதியது கிடையாது. தீபாவளிக்கு வாங்கித் துணிமணிக்குச் செலவழித்துவிட்டு, ஜனவரிச் சேர்க்கைக்குக் கடன் தேடுவதைவிட, எந்தப் பண்டிகைக்கு வாங்கினால் கட்டணத் தேதிக்கு ஒத்துவரும் என்று பாருங்கள். ஜனவரிச் சேர்க்கைக்குப் பொங்கல்தான் பொருத்தம்.

கணக்குப் போட்டால் எவ்வளவு வரும்? புதிதாகச் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 20,600. அகவிலைப்படி 58 சதவீதம் என்று வைத்தால் 11,948. கூட்டினால் 32,548. பாதி மாதத்துக்கு 16,274. அதோடு முன்பணம் 20,000. ஆக 36 ஆயிரத்துக்கு மேல், ஒரு ரூபாய் வட்டி இல்லாமல். தொலைநிலை முதுகலையின் முதல் வருடத்தைத் தாண்டிவிட இது பெரும்பாலும் போதும்.

1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பொது வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் கேட்க இடம் உண்டு. அதற்குப் பின் வந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள் என்பதால் இந்தக் கதவு இல்லை.

பிறகுதான் கூட்டுறவு. உங்கள் பகுதி ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், சம்பளச் சான்றும் பிணைக்காரர் கையெழுத்தும் போதும். சம்பளத்தில் பிடித்தம் என்பதால் அலைச்சல் குறைவு. இரண்டு எச்சரிக்கை. கடன் தொகையில் ஒரு பகுதியைப் பங்குத் தொகையாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தருவார்கள். 60 ஆயிரம் கேட்டால் 60 ஆயிரமே கைக்கு வரும் என்று எண்ணாதீர்கள். அடுத்தது, உங்களுக்குப் பிணை போட்டவர் அவசரத்துக்குக் கடன் கேட்டுப் போகும்போது, உங்கள் பாக்கியையும் புரட்டிப் பார்ப்பார்கள். பணியிட மாறுதல் வரும் சமயத்தில் இதனால் மனஸ்தாபங்கள் வருகின்றன.

ஒரு விஷயத்தைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்: 'படித்து முடித்தால் ஊக்க ஊதியம் வரும், அதில் தவணை கட்டிவிடலாம்' என்ற நினைப்பு. உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச் ஆணையோடு நின்றது. பின்னர் வந்தது ஒரு முறை மட்டும் தரும் மொத்தத் தொகை. மாதா மாதம் சம்பளத்தில் ஏறும் பழைய இரண்டு உயர்வுகளை மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டு இன்றும் பலர் சேர்கிறார்கள்.

5. தனியார் பள்ளி ஆசிரியர்: உதவித்தொகை உங்களுக்குத்தான் எட்டும்

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சம்பளம் குறைவாக இருப்பதே இங்கே தகுதி. எஸ்சி, எஸ்டி மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். வேலை பார்ப்பவர் என்றால் அவர் சம்பளமும் அதில் சேரும். நிரந்தர அரசு ஆசிரியர் சம்பளத்தைக் கேட்ட உடனேயே வெளியே. மாதம் 12 ஆயிரம் வாங்கும் தனியார் பள்ளி ஆசிரியையின் வருடச் சம்பளம் 1.44 லட்சம். வீட்டில் மற்றவர் வருமானம் சேர்ந்தும் வரம்புக்குள் இருந்தால், கட்டாயமாகக் கட்டிய, திரும்பக் கிடைக்காத கட்டணத்தைக் கேட்கலாம். விடுதியில் தங்கிப் படிப்பவருக்குரிய பராமரிப்புத் தொகையை எதிர்பார்க்க வேண்டாம். தொலைநிலைப் படிப்புக்கும் திட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நீங்கள் சேரும் மையம் விண்ணப்பங்களை ஏற்றி அனுப்புகிறதா என்று சேரும் முன் கேளுங்கள். அவர்கள் அனுப்பாவிட்டால் தகுதி இருந்தும் பயனில்லை.

தேவையான காகிதங்கள்:

- சாதிச் சான்று. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் போன்ற எஸ்டி பிரிவினருக்கு இதைத் தருபவர் கோட்டாட்சியர். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரே நாளில் வாங்கிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். பழைய கையெழுத்துச் சான்று மட்டும் இருப்பவர் மூன்று மாதம் முன்பே இணையச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.
- வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஒரு வருடம்தான் செல்லும். ஏப்ரலில் வாங்கினால் அடுத்த வருடப் புதுப்பித்தலுக்கு மறுபடி வாங்க வேண்டியிருக்கும்.
- பள்ளி தரும் சம்பளச் சான்று. வங்கியில் வரும் தொகையும் சான்றில் எழுதிய தொகையும் ஒன்றாக இருக்கட்டும்.
- கட்டண ரசீதுகள், மதிப்பெண் சான்றுகள், சேர்க்கை ஆணை.
- ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு.

கடைசி வரியில்தான் பணம் நிற்கும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, உதவித்தொகை வந்து சேரும்படி என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் போய்ச்சேர வழிசெய்யும் நிறுவனம்) பதிவில் அந்தக் கணக்கு இருப்பது வேறு. நாலு கணக்கு வைத்திருப்பவருக்கு, கடைசியாக எதை இணைத்தாரோ அதில்தான் பணம் விழும். 'ஆதார் சீடிங் எந்தக் கணக்கில் இருக்கிறது?' என்று வங்கியில் இதே வார்த்தையில் கேளுங்கள். படிவத்தில் எழுதிய கணக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, மறந்துபோன பழைய கணக்கில் பணம் கிடந்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

சந்தேகம் என்றால் சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகம். பிசி, எம்பிசி, சிறுபான்மையினர் அதே வளாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம். திங்கட்கிழமை குறைதீர் நாள், கூட்டம் நெரியும். வேறு நாளில் போங்கள்.

6. வங்கிக் கடன்: எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது

வங்கிகளின் கல்விக் கடன் பெரும்பாலும் முழுநேரப் படிப்புக்கானது. வேலையை விட்டுவிட்டு நேரடி பி.எட்., எம்.எட். சேர்பவருக்குப் பொருந்தும். தொலைநிலை எம்.ஏ.வுக்குக் கேட்டால் கிளையில் தனிநபர் கடனைத்தான் நீட்டுவார்கள், வட்டி கூடுதலாக. 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் வேண்டாம், செலவில் ஒரு பகுதியை நீங்கள் கையிலிருந்து போடவும் வேண்டாம். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் வட்டியில் 1 சதவீதம் வரை சலுகை தரும் வங்கிகள் உண்டு. அதைக் கடன் ஆணையில் எழுதி வாங்குங்கள்.

கல்விக் கடனுக்கென்று உள்ள வித்யா லட்சுமி இணையதளம் வழியாகவும் வங்கிக்கு விண்ணப்பிக்கலாம். கிளை மேலாளர் வாயால் 'முடியாது' என்றால் அங்கேயே விடாதீர்கள். இணையத்தில் பதிவானால் மறுப்புக்குக் காரணம் எழுத வேண்டிவரும்.

நகைக்கடன் சீக்கிரம் கிடைக்கும், கேள்வி இல்லை. ஆறு மாதத்துக்குள் அடைத்துவிட முடியும் என்ற தொகைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பருவக் கட்டணத்துக்குச் சரி, இரண்டு வருடப் படிப்பு முழுவதையும் அதன் மேல் ஏற்றினால் நகை ஏலத்துக்குப் போகும்.

7. வரிச் சலுகையை நம்பிக் கடன் வாங்காதீர்கள்

வருமான வரியில் 80இ என்று பழகிய பிரிவில் கல்விக் கடனின் வட்டி முழுவதையும் எட்டு வருடம் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம், உங்கள் சொந்தப் படிப்பானாலும். ஆனால் பழைய வரிமுறையில் மட்டும். வங்கியோ அறிவிக்கப்பட்ட நிதி நிறுவனமோ கல்விக்கென்று தந்த கடனாக இருக்க வேண்டும். சங்கக் கடன், நகைக்கடன் இதில் வராது. புதிய வரிமுறையில் சம்பளதாரருக்கு 2025-26 முதல் 12.75 லட்சம் வரை வரியே இல்லை. ஆகப் பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இந்தச் சலுகையால் ஒன்றும் மிஞ்சாது. 80சி-யில் கழிக்கும் கல்விக் கட்டணமும் பிள்ளைகளுக்குத்தான். உங்கள் ரசீதை அதில் சேர்த்தால் பிப்ரவரியில் கணக்கர் திருப்பித் தருவார்.

8. நாட்காட்டி

தொலைநிலைச் சேர்க்கை வருடத்துக்கு இரண்டு முறை, ஜூலை-ஆகஸ்ட் ஒட்டியும் ஜனவரி-பிப்ரவரி ஒட்டியும். ஜூலையில் சேர வேண்டுமானால் முன் அனுமதிக்கு மார்ச்சில் எழுதுங்கள். ஏப்ரலில் தேர்வுப் பணி, மே மாதம் மாறுதல் கலந்தாய்வு என்று அலுவலகத்தில் கோப்பு நகராது. ஜனவரிக்கு என்றால் செப்டம்பர்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. மே மாதம் கோடை விழா சமயத்தில் மலைப்பாதையில் போக்குவரத்து மாற்றம் இருக்கும், பருவத் தேர்வும் அந்த நாட்களில் வரக்கூடும். நவம்பர், டிசம்பரில் மழை. 2024 டிசம்பரில் மண்சரிவால் ஏற்காடு மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. அந்த மாதங்களில் நேரில் கொடுக்க வேண்டிய எதையும் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். தேர்வு மையத்தைச் சேலமாகத் தேர்ந்தெடுத்து, தேர்வு நாட்களுக்குக் கீழேயே தங்க இடம் பேசிவிடுங்கள்.

9. பட்டம் வந்த பிறகு ஒரு செலவு

பட்டத்தைப் பதிவேட்டில் ஏற்ற, பல்கலைக்கழகத்திடமிருந்து உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள். ஒவ்வொரு சான்றுக்கும் தனிக் கட்டணம். அலுவலகம் வழியாகக் கோரிக்கை போக வேண்டும், பதிலும் அலுவலகத்துக்கே வரும். மாதக் கணக்கில் ஆகலாம். பதவி உயர்வுப் பட்டியலுக்கான தேதி அறிவித்த பிறகு இதைத் தொடங்கினால் பெயர் விடுபடும். தற்காலிகச் சான்று கைக்கு வந்த வாரமே கட்டணத்தைக் கட்டி, ரசீது நகலை முன் அனுமதி ஆணையோடு சேர்த்துக் கோப்பில் வைத்து, தலைமையாசிரியரிடம் முகப்புக் கடிதம் வாங்கி அனுப்பிவிடுங்கள்.